நோத்தர் அம்மையாரும் இயற்கையின் பேரேடும்

மாந்தர் தமக்குள் வகுத்துக்கொண்ட வேற்றுமைகள் எண்ணில. அவற்றுள் பொருளில் உள்ள வேற்றுமை எது, பெயரில் மட்டும் உள்ள வேற்றுமை எது என்று பிரித்தறிதலே பகுத்தறிவின் முதற் கடமை என்பது நம் அன்பர்கள் அறிந்ததே. சமுதாயத் துறையில் இதனைப் பற்றி நாம் பலகாலும் பேசியும் எழுதியும் வருகின்றோம். ஆனால் இதே வினா இயற்கை நூலின் உச்சியிலும் எழுந்தது. அதற்கு ஐயந்திரிபற விடை கண்டவர் ஒரு பெண்மணி. அப்பெண்மணியையோ, பெண் என்னும் ஒரே காரணத்தைக் காட்டி ஒரு பெரிய சர்வகலாசாலை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தி வைத்தது. இவ்வரலாற்றை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனை இங்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம். கணிதக் குறியீடு ஒன்றேனும் இதில் வாராது. வாசகர் அஞ்ச வேண்டுவதில்லை.

முதலில் வினா இன்னதென்று காண்போம். ஒரு தோட்டத்தில் குன்றின்மேல் உள்ள தொட்டியினின்று லயத்து வீடுகளுக்குக் குழாய் வழியே தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளப்பவர் தொட்டி 340 அடி, லயம் 270 அடி என்பார். ஆபீசு வாசற்படியிலிருந்து அளப்பவர் தொட்டி 90 அடி, லயம் 20 அடி என்பார். எண்கள் வேறு, ஆயினும் இருவர் கணக்கிலும் தொட்டிக்கும் லயத்திற்கும் உள்ள வேறுபாடு 70 அடியே. தண்ணீர் நம் அளவைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. அந்த 70 அடி ஒன்றையே அது அறியும். எங்கிருந்து அளப்பது என்பது நம் வசதி. எவ்வளவு சரிவு என்பது இயற்கையின் உண்மை. இங்ஙனம் நாம் விவரிக்கும் முறை மாறியும் பொருள் மாறாதிருக்கும் தன்மையை அறிஞர் சமச்சீர் என்று வழங்குவர்.

நிற்க. இதனோடு சேர்த்து அறிய வேண்டியது கட்டு என்னும் ஒன்று. 1788-ம் ஆண்டில் லக்ராஞ்சு என்னும் கணித அறிஞர் பாரிஸ் நகரில் இயக்கநூல் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். பொருள்களின் இயக்கத்தைக் கூறும் சமன்பாடுகள் அனைத்தையும் ஒரே ஒழுங்கான முறையில் வருவிக்கும் வழியை அவர் அதிற் காட்டினார். ஊஞ்சற் பலகையை எண்ணிப் பாருங்கள். அது முன்னும் பின்னும் செல்கிறது. மேலும் கீழும் செல்கிறது. ஆகவே அதன் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் வேண்டும் என்று தோன்றும். ஆனால் கயிற்றின் நீளம் மாறாது. அதனால் கயிறு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற ஒரே எண் போதும். எழுதியவை இரண்டு, தன்னுரிமை உடையது ஒன்று. ஒன்றைப் பறித்தது கயிறு. இதுவே கட்டு எனப்படும்.

ஊஞ்சலின் கட்டு கண்ணுக்குத் தெரியும் கயிறு. கயிறே இல்லாத இடத்தில், நாம் எழுதும் கணக்கினுள்ளிருந்தே ஒரு கட்டு எழக்கூடுமோ? எழக்கூடும். அது எப்போது எழும், ஏன் எழும் என்று காட்டியவரே எம்மி நோத்தர் அம்மையார்.

அவர் 1882-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ந் தேதி ஜெர்மனியில் எர்லாங்கன் என்னும் ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மாக்ஸ் நோத்தர் அவ்வூர்ச் சர்வகலாசாலையில் கணிதப் பேராசிரியர். மகளோ அங்கு மாணவியாகப் பதிவு பெறவும் வழியில்லை. பெண்களைச் சேர்த்தால் கல்வி ஒழுங்கே கவிழ்ந்துவிடும் என்று அச்சர்வகலாசாலையின் ஆட்சிக் குழு 1898-ல் அறிவித்திருந்தது. ஆகவே 1900-ம் ஆண்டு முதல் அம்மையார் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி கேட்டு வகுப்பின் ஓரத்தில் அமர்ந்து பாடம் கேட்டார். 1904-ல் விதி தளர்ந்தது. அவர் முறைப்படி சேர்ந்து 1907-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தும் வேலை கிடைக்கவில்லை. 1908 முதல் 1915 வரை தம் ஊர்க் கணிதக் கழகத்தில் ஒரு காசும் சம்பளமின்றி உழைத்தார். தந்தையார் உடல் நலிந்தபோது அவருக்குப் பதிலாகப் பாடமும் நடத்தினார்.

அக்காலத்தில் கணிதத்தின் தலைநகரென விளங்கியது கோட்டிங்கன் நகரம். 1915-ம் ஆண்டுக் கோடையில் ஐன்ஸ்டைன் அங்கு வந்து, தாம் உருவாக்கிவந்த ஈர்ப்புக் கொள்கையைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அவ்வூர்ப் பெருங்கணிதரான ஹில்பர்ட்டும் கிளைனும் அதில் ஆழ்ந்து ஈடுபட்டனர். அவர்களை ஒரு சிக்கல் மயக்கியது. சக்தி அழியாது, ஓரிடத்தில் குறைந்தால் மற்றோரிடத்தில் மிகும் என்பது பழைய இயக்கநூலில் ஓர் உறுதியான விதி. புதிய ஈர்ப்புக் கொள்கையிலோ அவ்விதி, புதிதாக ஒன்றையும் சொல்லாமல் சமன்பாடுகளின் அமைப்பினாலேயே தானாக நிறைவேறிவிடும் ஒன்றாகத் தோன்றியது. இது குறையோ, அன்றி ஆழ்ந்த உண்மையோ? அவ்விருவரும் அவ்வாண்டிலேயே கோட்டிங்கனுக்கு வரவழைத்திருந்த நோத்தர் அம்மையாரே இத்தகைய ஆராய்ச்சியில் வல்லவர் என்று கருதி அவர் உதவியை நாடினர்.

அழைத்தவர் இருவரும் பெரியோர். ஆயினும் ஆசிரியராய் நியமிக்கும் அதிகாரம் பல துறையினர் கூடிய சபையிடம் இருந்தது. அச்சபையில் எதிர்ப்பு மூண்டது. போர்க்களத்தினின்று திரும்பும் நம் வீரர்கள் ஒரு பெண்ணின் காலடியில் அமர்ந்து கற்பதா என்று சிலர் கேட்டனராம். இது சர்வகலாசாலையேயன்றிக் குளிக்கும் துறையன்றே. வேட்பாளர் ஆணா பெண்ணா என்பது எப்படித் தடையாகும் என்று ஹில்பர்ட் சினந்து மொழிந்தார் என்பர். அரசாங்க விதியும் தடையாய் நின்றது. கடைசியில் ஒரு வழி கண்டனர். பாடம் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்படும், நோத்தர் அம்மையார் உதவியாளர் என்று குறிக்கப்படுவார், நடத்துபவரோ அவரே. பெயர் ஒருவருடையது, அறிவு மற்றொருவருடையது. நான்காண்டு இங்ஙனமே கழிந்தது.

இந்த நிலையில்தான், 1918-ம் ஆண்டில், அம்மையார் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதில் இரண்டு தேற்றங்கள் உள்ளன.

முதல் தேற்றம், உலகெங்கும் ஒரே சீராகச் செய்யும் மாற்றத்தைப் பற்றியது. இயற்கையின் விதி நேற்று இருந்தவாறே இன்றும் உள்ளது. கால எண்ணிக்கையின் தொடக்கத்தை எங்கு வைத்தாலும் விதி மாறுவதில்லை. இச்சமச்சீரிலிருந்தே சக்தி அழியாமை என்னும் விதி பிறக்கிறது என்று அவர் காட்டினார். விதி இவ்விடத்தில் ஒன்றும் அவ்விடத்தில் மற்றொன்றுமாக இராமையால் உந்தம் அழியாமை பிறக்கிறது. திசைதோறும் விதி ஒன்றாயிருத்தலால் சுழற்சியின் உந்தம் அழியாமை பிறக்கிறது. முன்னோர் தனித்தனியே கண்ட விதிகளெல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்பது இதனால் விளங்கியது.

இரண்டாம் தேற்றமே நம் கதைக்கு உயிர். மேற்சொன்ன உயரக் கணக்கில் தோட்டம் முழுமைக்கும் ஒரே அடிப்படையைக் கொண்டோம். அவ்வாறின்றி ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணத்திலும் வெவ்வேறு அடிப்படையை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், அப்போதும் பொருள் மாறாது என்று ஒரு கொள்கை இடங்கொடுக்குமாயின் என்னாகும்? அம்மையார் விடையிறுத்தார்: அத்தகைய கொள்கையின் சமன்பாடுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க இயலா. எத்தனை வகை உரிமையை நாம் எடுத்துக்கொண்டோமோ அத்தனை உறவுகள் அவற்றிடையே தாமாகவே நிலைத்திருக்கும். ஹில்பர்ட்டையும் கிளைனையும் மயக்கியது இத்தகைய உறவே. அது குறையன்று, இடத்தையும் காலத்தையும் குறிக்கும் எண்களை எங்கும் விரும்பியவாறு வைக்கலாம் என்ற ஐன்ஸ்டைன் கொள்கையின் நேரான விளைவு.

பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இது விளங்காததன்று. கணக்கில் ஒவ்வொரு தொகையும் ஓரிடத்தில் பற்றாகவும் மற்றோரிடத்தில் வரவாகவும் இருமுறை பதியப்படுகிறது. ஆகவே பற்றின் கூட்டுத்தொகையும் வரவின் கூட்டுத்தொகையும் ஒத்திருக்க வேண்டும். இந்நிபந்தனை, இரப்பர் எவ்வளவு விளைந்தது என்றோ என்ன விலைக்குப் போயிற்று என்றோ ஒன்றும் சொல்வதில்லை. நாளைய கணக்கு எப்படி ஓடும் என்றும் சொல்வதில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் அது நின்றாக வேண்டும். முதல் நாள் ஐந்தொகை சரியாயிருந்து, பின் ஒவ்வொரு பதிவும் இருபுறமும் விழுமாயின், ஆண்டுக் கடைசி வரையில் அது தானே சரியாயிருக்கும். மேலும், பத்துக் கணக்குகளில் ஒன்பதின் இருப்புத் தெரிந்தால் பத்தாவதும் தெரிந்துவிடும். எழுதியவை பத்து, தன்னுரிமை உடையவை ஒன்பது. கயிறில்லாத கட்டு என்று நாம் மேலே கூறியது இதுதான்.

இயற்கையின் பேரேட்டில் இத்தகைய பக்கம் ஒன்று மின்சாரம். மாக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட சமன்பாடுகளில் ஒன்று, எந்த மூடிய பரப்பினின்றும் வெளிவரும் மின்புலத்தின் மொத்தம் அப்பரப்பினுள் அடங்கிய மின்னூட்டத்தின் அளவைப் பொறுத்தது என்கிறது. இது நாளைக்கு என்ன நடக்கும் என்று கூறும் சமன்பாடு அன்று. ஒவ்வொரு கணமும் நிற்க வேண்டிய ஐந்தொகை. ஒரு கணம் அது நின்றால், மற்றைச் சமன்பாடுகள் அதனை என்றும் காத்துவரும். மின்னூட்டம் ஓரிடத்தில் மறைந்து, இடைவழியே செல்லாமல், மற்றோரிடத்தில் தோன்ற அது இடங்கொடாது. ஒரு பெட்டியில் குறைந்த பணம் எவர் கையிலும் படாமல் மற்றொரு பெட்டியில் ஏறியிருந்தால் எந்தக் கணக்கன் ஒப்புவான்?

மின்சார நூலிலும் உயரக் கணக்குப் போன்ற உரிமை உண்டு. உயர் அழுத்த மின்கம்பியின்மேல் அமர்ந்த காக்கை சாவதில்லை; ஏனெனில் அதன் இரு கால்களுக்கும் இடையே அழுத்த வேறுபாடு இல்லாத அளவு குறைவு. அழுத்தம் இவ்வளவு என்பதிற் பொருளில்லை; வேறுபாட்டிலேயே பொருள் உண்டு. மின்னையும் காந்தத்தையும் சேர்த்து விவரிக்க அறிஞர் ஒவ்வோரிடத்திற்கும் நான்கு அழுத்த எண்களை எழுதுவர். அவற்றை மாற்றியமைக்கும் உரிமை ஒரு வகை. அவ்வுரிமை இருமுறை வெட்டும்: ஐந்தொகை நிபந்தனை ஒன்றைக் குறைக்கிறது, நம் விருப்பப்படி வைக்கத்தக்க எண் மற்றொன்றைக் குறைக்கிறது. நான்கில் எஞ்சுவன இரண்டு. ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்கே இரண்டு விதமாக மட்டுமே அதிர்வதற்கு இதுவே காரணம். ஈர்ப்புக் கொள்கையில் எழுதும் எண்கள் பத்து. உரிமை நான்கு வகை. இருமுறை வெட்ட எட்டுப் போய் அங்கும் எஞ்சுவன இரண்டே. 2015-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் முதன்முதலாக உணரப்பட்ட ஈர்ப்பலை, இவ்வாறு எஞ்சிய மெய்யான அதிர்வே.

இவ்வுரிமைக்கு ஒரு பெயர் வாய்த்த கதையும் உண்டு. ஓர் ஊரில் ராத்தல் வழங்கும்; அடுத்த ஊரில் காத்தி வழங்கும். மூன்று காத்தி நான்கு ராத்தல் என்ற மாற்று விகிதம் தெரிந்தால் வணிகம் தடையின்றி நடக்கும். பொருளின் கனமோ மாறுவதில்லை. ஒவ்வோரிடத்திற்கும் தனித்தனி அளவை இருக்கட்டும், அடுத்தடுத்த இடங்களை இணைக்கும் மாற்று விகிதமே மின்காந்தப் புலமாக இருக்கட்டும் என்று 1918-ம் ஆண்டிலேயே ஹெர்மன் வைல் என்னும் அறிஞர் கருதினார். பல ஊர் சுற்றிப் புறப்பட்ட ஊருக்கே திரும்பும் வணிகனுக்கு விகிதங்களைப் பெருக்கிப் பார்க்கையில் கணக்கு ஒத்துவராவிடில், வழியில் மெய்யான ஏதோ ஒன்று உளது, அதுவே புலம். இக்கருத்தின் அழகை ஐன்ஸ்டைன் வியந்தார், ஆயினும் மறுத்தார். நீளத்தின் அளவை செல்லும் வழியைப் பொறுத்து மாறுமாயின், வெவ்வேறு வழியில் வந்த ஒரே வகை அணுக்கள் வெவ்வேறு நிற ஒளியை உமிழ வேண்டும். அவ்வாறு காணப்படவில்லையே என்றார். மறுப்பு நியாயமானது. வைல் தோற்றார். ஆனால் புதிய அணுநூல் பிறந்த பின், மாறுவது நீளமன்று, அணுத்துகளின் அலையோடு செல்லும் கடிகார முள் போன்றதொரு கோணமே என்பது விளங்கியது. 1929-ல் வைல் தம் கொள்கையைத் திருத்தி நிலைநாட்டினார். அளவையைக் குறிக்கும் 'கேஜ்' என்ற ஆங்கிலச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதனால் இதனை இன்றும் கேஜ் சமச்சீர் என்று வழங்குகின்றனர்.

பின்னர் வந்தோர் இவ்வழியைப் பெருவழியாக்கினர். 1930-ல் ரோசன்ஃபெல்ட் தொடங்கிய பணியை, 1949-ல் கனடா நாட்டு வான்கூவர் நகரில் ஆற்றிய சொற்பொழிவுகளில் டிராக் முறைப்படுத்தினார். பெர்க்மன் என்பாரும் அதே காலத்தில் தனியே முயன்று அதனை அடைந்தார். ஒரு கொள்கையில் மறைந்துள்ள கட்டுகள் அனைத்தையும் வெளிக்கொணர்ந்து, அவற்றுள் எவை வெறும் பெயருரிமையைக் காட்டுவன, எவை ஊஞ்சற் கயிறு போல் மெய்யாகவே இறுக்குவன என்று இரண்டாகப் பிரிப்பது டிராக் முறை. 1954-ல் யாங், மில்ஸ் என்னும் இருவர் கேஜ் சமச்சீரை மின்சாரத்திற்கு அப்பாலும் விரித்தனர். அணுக்கருவை ஆளும் விசைகளும் அவ்வழியே விளங்கலாயின. அக்கொள்கை முன்கூறிய துகள்கள் 1983-ல் ஜெனீவா நகரை அடுத்த ஆராய்ச்சி நிலையத்தில் காணப்பட்டன. இவ்வளவுக்கும் அடியில் கிடப்பது 1918-ன் இரண்டாம் தேற்றம். ஆயினும் பல்லாண்டு காலம் பௌதிக நூலார் அதன் பயனைத் துய்த்தும் அதனைக் கண்டவர் பெயரை அரிதாகவே குறித்தனர்.

அம்மையாரின் பிற்கால வாழ்வு என்னாயிற்று? முடியாட்சி வீழ்ந்த பின், 1919-ல்தான் தம் சொந்தப் பெயரில் பாடம் நடத்த அவருக்கு உரிமை கிடைத்தது. 1922-ல் பேராசிரியர் என்ற பட்டம் தந்தனர், சம்பளம் தரவில்லை. மறு ஆண்டு ஒரு சிறு ஊதியம் ஏற்பட்டது. அதற்குள் அவர் கணிதத்தின் மற்றொரு பெருந்துறையான அல்ஜீப்ராவையே புதுப்பித்துவிட்டார். 1933-ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. இம்முறை காட்டிய காரணம் யூதர் என்பது. ஏப்ரல் மாதத்தில் பதவி பறிக்கப்பட்டது. அம்மையார் கலங்காது தம் வீட்டிலேயே மாணவரைக் கூட்டிப் பாடம் சொன்னார். அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, பிரின் மார் என்னும் பெண்கள் கல்லூரியில் ஆசிரியரானார். 1935-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ந் தேதி, அறுவைச் சிகிச்சைக்குப் பின் 53-வது வயதில் காலமானார். அவருக்கு இரங்கலுரை ஆற்றியவர் நாம் மேற்கூறிய ஹெர்மன் வைல். கோட்டிங்கனில் தாம் உயர்ந்த பதவியில் இருக்க, கணிதத்தில் தம்மினும் மேம்பட்ட அவர் தாழ்ந்த நிலையில் இருந்ததைக் கண்டு தாம் நாணியதாக அவ்வுரையில் அவர் ஒப்புக்கொண்டார்.

கணிதத் தேற்றம் ஒன்று மக்களின் சமத்துவத்தை நிறுவிவிட்டது என்று நாம் கூற வரவில்லை. சமத்துவத்திற்குத் தேற்றம் வேண்டுவதில்லை, நேர்மை போதும். ஆனால் இவ்வரலாற்றில் இரண்டு கணக்குகள் அருகருகே கிடக்கின்றன. ஒன்று, இயற்கையில் எது மெய், எது நாம் இட்ட பெயர் என்று அம்மையார் பிரித்துக் காட்டிய கணக்கு. அது நூறாண்டுக்கு மேலாகியும் ஒரு காசும் பிசகவில்லை. மற்றொன்று, பெண் என்றும் யூதர் என்றும் பெயரிட்டு அவரை வாயிலில் நிறுத்தியோர் எழுதிய கணக்கு. அதன் நட்டம் எவ்வளவென்று எவரும் கூட்டி முடித்ததில்லை. அவரைப் போல் வாயிலிலேயே நின்று திரும்பிப் போனவர் பெயர்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை அல்லவா?

அக்கணக்கின் நகல் நம் வீடுகளிலும் உண்டு. எண்ணிற் சுறுசுறுப்புள்ள மகளைப் பார்த்து, பெண்ணுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று ஒரு தாயோ தந்தையோ சொல்லும்போதெல்லாம் அந்நகலில் ஒரு வரி கூடுகிறது. எர்லாங்கனில் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து பாடம் கேட்ட அப்பெண்ணை நினைத்து, அவ்வரியை இனி நாம் எழுதாதிருப்போமாக. நம் மகளிருக்கு ஓரத்து நாற்காலியன்று, முன்வரிசை நாற்காலியையே இடுவோமாக.